கதவைத் தாங்கும் இரும்புக் கொடி

பாரிஸ் மாநகரின் நோத்ர தாம் பேராலயத்தைப் பற்றி அந்நகரத்தார் வழிவழியாகக் கூறிவரும் கதையொன்று உண்டு. பிஸ்கோர்னே என்னும் இளங்கொல்லனிடம் அவ்வாலயத்தின் முகப்புக் கதவுகளுக்கு இரும்புப் பிணைச்சல்கள் செய்யும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டதாம். வேலையின் அருமையைக் கண்டு அஞ்சிய அவன், தன் ஆன்மாவைச் சாத்தானுக்கு விற்று உதவி வேண்டினானாம். மறுநாட் காலையில் அவன் உலையருகே உணர்விழந்து கிடந்தான். பக்கத்தே பிணைச்சல்கள் நிறைவுற்றுக் கிடந்தன. அவற்றைப் பூட்டிய கதவுகளோ திறக்க மறுத்தன. புனித நீர் தெளித்த பின்னரே அசைந்தன என்று கதை முடிகிறது.

இக்கதையை நாம் நம்பவேண்டியதில்லை. ஆயின் அது எழுந்த காரணத்தை எண்ணிப் பார்த்தல் தகும். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவ்விரும்பு வேலை, தண்டிலிருந்து கிளைத்த கொடிபோல் இலையும் பூவுமாகக் கதவின்மீது படர்ந்திருக்கிறது. சம்மட்டியால் இதனைச் செய்தல் இயலாது, இது வார்ப்பிரும்பே என 18ஆம் நூற்றாண்டில் எண்ணியோரும் உளர். 19ஆம் நூற்றாண்டில் பேராலயத்தைப் புதுப்பித்த கட்டடக் கலைஞர் வியோலே லெ துய்க், இவை காய்ச்சி அடித்த பல துண்டுகளை உலையிலே ஒன்றாக்கிச் செய்தவை என விளக்கினார். 1860களில் பூலாஞ்சே என்னும் கொல்லர் நடுவாயிற் கதவுக்குப் புதிய பிணைச்சல்களை அடித்துக் கொடுத்தார். சாத்தானின் துணையின்றியே அவ்வேலை முடிந்தது!

கொடி ஏன் படர்ந்தது?

அக்காலத்துக் கதவுகள் பல, நெடும் பலகைகளைப் பக்கம் பக்கமாக நிறுத்திச் செய்யப்பட்டவை. கதவின் பாரம் முழுவதும் ஓர் ஓரத்திலேயே தொங்கும். எதிர்ப்புற மூலை நாளடைவிற் கீழே சரியும். இதனைத் தடுக்கவே கொல்லன், பிணைச்சலின் தகட்டைக் கதவின் அகலத்துக்கு நீட்டினான். அந்த நீண்ட பட்டை பாரத்தைத் தாங்கியதோடு, பலகைகளையும் பிரியாது பிடித்துக்கொண்டது. பட்டையிலிருந்து மேலும் கீழும் கிளைகள் வளைந்து சென்றபோது இன்னும் பல இடங்களில் ஆணி அறைய வசதி ஏற்பட்டது. தேவையே கொடியாயிற்று, கொல்லனின் கைவண்ணம் அதிலே இலையும் பூவும் வைத்தது.

பின்னர், சட்டமிட்டுக் கோத்த கதவுகள் பரவின. அவை தாமே உறுதியாய் நின்றமையால் பிணைச்சலுக்கு நீளம் தேவைப்படவில்லை. வீட்டு அலுமாரிகளுக்கும் சிறு கதவுகளுக்கும் சின்னஞ்சிறு பிணைச்சல்கள் வந்தன. 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் விருப்புடன் வழங்கிய ஒருவகையில் நான்கு முனைகளும் சேவலின் தலைபோல் வளைந்திருக்கும். வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போன்ற பிணைச்சல்கள் பெட்டிகளுக்குப் பொருந்தின. ஆங்கில 'எச்' எழுத்தையும் 'எல்' எழுத்தையும் சேர்த்தாற்போன்றதும் ஒன்று. அதன் 'எல்' பகுதி கதவின் மூலையைப் பிடித்து வலுவூட்டும். அமெரிக்கக் குடியேற்ற வீடுகளில் இதனைக் கண்ட பிற்காலத்தார், அவ்வெழுத்துகள் 'புனித ஆண்டவர்' என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் என்றும், தீய ஆவிகளைத் துரத்த வைக்கப்பட்டவை என்றும் கதை கட்டினர். பாரிஸிலே சாத்தானுக்குப் போன புகழ் இங்கே ஆண்டவனுக்குப் போயிற்று. இரண்டிடத்தும் உழைத்த கொல்லனைத்தான் மறந்தனர்.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வார்ப்பிரும்புப் பிணைச்சல்கள் இங்கிலாந்தில் மலிந்தன. அவை கதவின் விளிம்பிலே மறைந்து நின்றமையால் அலங்காரத்துக்கு இடமில்லாது போயிற்று. நூறாண்டு கடந்தபின் வில்லியம் மொரிஸ் போன்றோர் கைத்தொழிலின் பெருமையை மீண்டும் எடுத்துரைத்தனர். அவ்வழி வந்த ஏர்னெஸ்ட் கிம்சன், சப்பர்ட்டன் கிராமத்துக் கொல்லர் அல்பிரட் பக்னெலைக் கொண்டு பழைய முறையிலே பிணைச்சல்களும் கைப்பிடிகளும் செய்வித்தார்.

வாங்குவோர் கவனத்துக்கு

இன்று பழைய பாணிப் பிணைச்சல்கள் கடைகளிலே கிடைக்கின்றன. அவற்றிற் பல இயந்திரத்தில் அழுத்திய உருக்குத் தகடுகள். சம்மட்டித் தழும்பும் அச்சினாலேயே பதிக்கப்பட்டிருக்கும். எல்லாத் தழும்பும் ஒரே அளவாயிருப்பின் அது கையால் அடித்ததன்று. சிலவற்றில் மூட்டே இராது; வெறும் பட்டை மட்டும் கதவின்மீது ஒட்டி நிற்கும். அழகுக்காக அதனை வாங்குவதிற் குற்றமில்லை. ஆயினும் அது எதனையும் தாங்காது என்பதை அறிந்தே வாங்குதல் வேண்டும்.

பிணைச்சல் பூட்டும்போது மேலும் கீழும் உள்ள அச்சுகள் ஒரே நேர்கோட்டில் நிற்றல் வேண்டும்; தவறின் கதவு இறுகும், பலகையும் வெடிக்கும். கடலோர வீடுகளில் உப்புக்காற்று இரும்பை விரைவில் அரிக்கும். இரும்புப் பிணைச்சலுக்குப் பித்தளைத் திருகாணி இட்டால், இரண்டும் சேருமிடத்தில் அவ்வரிப்பு இன்னும் மிகும். துருவைக் கம்பித் தூரிகையால் மெல்ல நீக்கி, எண்ணெயோ தேன்மெழுகோ பூசிவருதல் நலம்.

இவை அனைத்திலும் முக்கியமானது ஒன்றுண்டு. பாட்டனார் காலத்துப் பெட்டகத்தைப் புதுப்பிக்கும்போது, துருவேறியது என்று பழைய பிணைச்சலைக் கழற்றிக் குப்பையில் எறிந்துவிட்டு, 'பழைய பாணி'ப் பிணைச்சலைக் காசு கொடுத்து வாங்குவோர் நம்மிடையே உளர். பழைய ஆணித்துளைகளும் தேய்ந்த மூட்டும் அப்பெட்டகத்தின் வயதுக்குச் சாட்சிகள். ஒருமுறை எறிந்தால் மீண்டும் வாரா. அச்சு மாத்திரம் தேய்ந்திருப்பின், புதிய அச்சு இட்டுத் தருமாறு ஊர்க் கொல்லரிடம் கேட்கலாமே!

சாவியும் அலுமாரியும் போர்த்துக்கேயர் வழியே நம் மொழிக்கு வந்த சொற்கள். பிணைச்சலோ 'பிணைத்தல்' என்பதிலிருந்து பிறந்த நம் சொந்தச் சொல். கதவை நிலையோடு பிணைக்கும் அச்சிறு இரும்பு, நம்மையும் நம் முன்னோரையும் பிணைத்து நிற்கிறது. அதனைக் கழற்றுமுன் ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமாக.