எஞ்சின் எண்ணெய் சொட்டுவது ஏன்?

மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் ஒரு பேருந்து புறப்பட்டுச் சென்றதும், அது நின்ற தரையைக் கவனியுங்கள். கரிய வட்டங்களாக எண்ணெய்க் கறைகள் படிந்திருக்கும். தெருவில் நிறுத்தப்படும் கார்களின் அடியிலும் இத்தகைய கறைகளைக் காணலாம். "பழைய வண்டி, சொட்டத்தான் செய்யும்" என்று சிலர் சொல்லிவிட்டுப் போவார்கள். அறிவியல் பயிலும் நீங்கள் அப்படி விட்டுவிடலாமா? ஏன் சொட்டுகிறது, எப்படித் தடுப்பது என்று பார்ப்போம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. ஐந்து விநாடிக்கு ஒரு துளி வீதம் எண்ணெய் சொட்டுவதாகக் கொள்வோம். ஒரு மணிக்கு 720 துளிகள். 25 துளிகள் சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு ஏறத்தாழ 29 மில்லிலிட்டர் போகிறது. வண்டி 35 மணி நேரம் ஓடினால் ஒரு லிட்டர் காலி! ஒரு சிறிய காரின் எஞ்சினில் இருப்பதோ மூன்று அல்லது நான்கு லிட்டர்தான்.

எண்ணெய்த் தொட்டி

எஞ்சினின் அடிப்பகுதியில் தொட்டி போன்ற ஓர் உறுப்பு போல்ட்டுகளால் பொருத்தப்பட்டிருக்கும். பட்டறைகளில் இதைச் 'சேம்பர்' என்பார்கள். எண்ணெய் தங்குமிடம் இதுவே. இங்கிருந்து ஒரு பம்பு, வலைச் சல்லடை வழியாக எண்ணெயை உறிஞ்சிச் சுழலும் பாகங்களுக்கெல்லாம் அனுப்புகிறது. எண்ணெய்ப் படலம் இல்லாவிட்டால் உலோகத்தோடு உலோகம் உரசிச் சூடேறி, சில நிமிடங்களிலேயே எஞ்சின் இறுகி நின்றுவிடும். திருமங்கலம் சாலையில் உச்சி வெயிலில் இப்படி நின்றுபோன வண்டியைச் சரிசெய்ய ஆகும் செலவோடு ஒப்பிட்டால், சேம்பரின் 'பேக்கிங்' விலை மிக அற்பம்.

பேக்கிங் என்பது எஞ்சினுக்கும் சேம்பருக்கும் இடையில் வைக்கப்படும் மெல்லிய தகடு. உங்கள் வீட்டுக் குக்கரின் மூடியில் இருக்கும் ரப்பர் வளையமும் இதே வேலையைத்தான் செய்கிறது.

உலோகத்துக்கு நடுவே இது எதற்கு? கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றும் உலோகப் பரப்பை உருப்பெருக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். அத்தகைய இரு பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் மேடுகள் மட்டுமே தொட்டுக்கொள்ளும். பள்ளங்கள் நுண்ணிய கால்வாய்களாகிவிடும். சூடேறிய எண்ணெய்க்கு அதுவே போதும். சாதாரண எஞ்சின் எண்ணெயின் பாகுநிலை 40 டிகிரி செல்சியஸில் இருப்பதைவிட 100 டிகிரியில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. காலையில் தேன்போல் இருந்தது, ஓடும் எஞ்சினில் நீர்போல் ஆகி இடுக்குகளில் நுழைகிறது.

தக்கை முதல் சிலிக்கோன் வரை

நெடுங்காலம் பேக்கிங்காகப் பயன்பட்டது கார்க் எனப்படும் தக்கை. இது போர்ச்சுகல், ஸ்பெயின் முதலிய நாடுகளில் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் பட்டை. 1665-இல் ராபர்ட் ஹூக் இதன் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் அதிலிருந்த சிற்றறைகளுக்குச் 'செல்' என்று பெயரிட்டார். உயிரியல் பாடத்தில் நீங்கள் படிக்கும் அதே செல்! தக்கையை அழுத்தினால் அறைச் சுவர்கள் மடிந்து, உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. ஆகவே அது ரப்பரைப்போல் பக்கவாட்டில் பிதுங்குவதில்லை.

ரப்பரிலும் ஒரு சங்கடம் உண்டு. மரத்திலிருந்து கிடைக்கும் இயற்கை ரப்பர், எஞ்சின் எண்ணெயை உறிஞ்சி உப்பிவிடும். எனவே எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பர்கள் உருவாயின. டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1911-இல் தம் நிறுவனத்தைத் தொடங்கிய மதுரை, மோட்டார்த் தொழிலோடு நூறாண்டுக்கு மேலாகத் தொடர்புடைய ஊர். நகரின் மேற்கே கோச்சடையில் வாகனங்களுக்கான ரப்பர்ப் பொருள்கள் செய்யும் தொழிற்சாலைகள் உள்ளன. அங்குள்ள ஃபென்னர் நிறுவனம் பெல்ட்டுகளுக்கும் ஆயில் சீல்களுக்கும் பெயர் பெற்றது. அசையாத இணைப்புக்குப் பேக்கிங். சுழலும் தண்டுக்கு ஆயில் சீல். இவ்வேறுபாட்டை நினைவில் கொள்ளுங்கள்.

இக்காலத்தில் பல எஞ்சின்களில் தகட்டுக்குப் பதிலாகச் சிலிக்கோன் பசையையே பூசுகிறார்கள். குழாயிலிருந்து பிதுக்கியதும் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்று அது ரப்பராக உறைகிறது. இதனால் ஒரு முக்கிய நன்மை உண்டு. அலுமினியம், வெப்பத்தால் இரும்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். அலுமினிய எஞ்சினின் அடியில் அரை மீட்டர் நீளமுள்ள எஃகு சேம்பர் இருப்பதாகக் கொள்வோம். வெப்பம் 80 டிகிரி உயர்ந்தால் இரண்டின் விரிவிலும் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் வேறுபாடு ஏற்படும். உறைந்த பசை இழுபட்டு இவ்வேறுபாட்டைத் தாங்கிக்கொள்கிறது.

இறுக்கினால் நிற்குமா?

இப்போது ஒரு கேள்வி. சேம்பர் ஓரத்தில் எண்ணெய் கசிகிறது. போல்ட்டுகளை இன்னும் பலமாக இறுக்கினால் நின்றுவிடுமா?

பெரும்பாலோர் "ஆம்" என்பார்கள். ஆனால் பல சமயங்களில் கசிவு அதிகமாகும்! பந்தல் துணியை நினைத்துப் பாருங்கள். கட்டிய இடங்களில் அது மேலே இழுபட்டிருக்கும், இடையில் தொய்ந்திருக்கும். சேம்பரின் விளிம்பும் மெல்லிய தகடுதான். அளவுக்கு மீறி இறுக்கினால் போல்ட் துளைகளைச் சுற்றி அது மேலே வளைந்து பேக்கிங்கை நசுக்கும். இரு போல்ட்டுகளுக்கு நடுவே இடைவெளி விழும். எண்ணெய்க்கு அதுவே வாசல்.

சேம்பரில் வழக்கமாக இருக்கும் 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை போதும். 20 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் 5 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் விசை இது. பெரியவர் ஒருவரின் கை இதைப்போல் பல மடங்கு விசையை எளிதில் தந்துவிடும். ஆகவேதான் தேர்ந்த மெக்கானிக்குகள் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சைப் பயன்படுத்துகிறார்கள். நடுவிலிருந்து தொடங்கி, இருபுறமும் மாறி மாறி, ஓரங்களை நோக்கிச் சிறிது சிறிதாக இறுக்குகிறார்கள். அதற்கு முன் பழைய பேக்கிங்கை முழுவதும் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, வளைந்த துளை ஓரங்களை மெல்லத் தட்டிச் சமப்படுத்துவார்கள்.

பசையிலும் இதே நியதிதான். அதிகம் பூசினால் உட்புறம் பிதுங்கும் பசை உறைந்து, துணுக்குகளாக உதிர்ந்து, பம்பின் சல்லடையை அடைத்துவிடும். கசிவு நிற்கும், ஆனால் எண்ணெய் ஓட்டமும் நின்று எஞ்சின் பாழாகும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது பட்டறைக்கும் பொருந்தும்.

சில நேரம் பேக்கிங் மீது குற்றமே இருக்காது. பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கசியும் வாயு வெளியேறும் வழி அடைபட்டால், உள்ளே அழுத்தம் ஏறி எண்ணெயை வெளியே தள்ளும். நல்ல மருத்துவரைப்போல் நல்ல மெக்கானிக்கும் காரணத்தைத் தேடிய பிறகே கருவியை எடுப்பார்.

நீங்களே செய்து பாருங்கள்

இரண்டு ஒரே மாதிரியான ரப்பர் பேண்டுகளை எடுத்து நீளத்தை அளந்துகொள்ளுங்கள். ஒன்றைச் சிறிதளவு எஞ்சின் எண்ணெயிலும் மற்றொன்றை நீரிலும் மூன்று நாள் ஊறவையுங்கள். பிறகு துடைத்து மீண்டும் அளந்து, எது உப்பியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சோதனை முடிந்ததும் எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். ஒரு புட்டியில் அடைத்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். ஒரு லிட்டர் எஞ்சின் எண்ணெய், பத்து லட்சம் லிட்டர் நீரைக் கெடுக்கக்கூடும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். தெருவில் சொட்டியதும் சாக்கடையில் கொட்டியதும் மழைநீரோடு கண்மாய்க்கும் வைகைக்கும்தான் போகும்.

ஓர் எச்சரிக்கை: ஜாக்கி மட்டும் தாங்கும் காரின் அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள். வண்டி நின்ற இடத்தில் ஓர் அட்டையை விரித்து வைத்தாலே போதும். எங்கே, எவ்வளவு சொட்டுகிறது என்பதைக் கறை சொல்லிவிடும். அதை வண்டிக்காரரிடம் காட்டுங்கள். ஓர் எஞ்சினைக் காப்பாற்றிய பெருமை உங்களைச் சேரும்.