கழுவினால் போகுமா வாழையின் நோய்?

நீர்வேலிப் பகுதிக் கமக்காரர் சிலருடன் இழைய வளர்ப்பு ஆய்வுகூடம் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். அவர்களுள் பெரியவர் ஒருவர் தமது தோட்டத்துக் கதலிக் குட்டியொன்றைச் சாக்கில் சுற்றி எடுத்து வந்தார். “இதை மருந்திலை கழுவிப் போத்தலுக்குள்ளை வைச்சால் வருத்தமில்லாத கன்று வருமாம். உண்மையோ, சுவாமி?” என்று வழியில் எம்மிடம் கேட்டார்.

ஆய்வுகூடத்தில் அந்தக் கழுவலை நேரில் கண்டோம். முதலில் குட்டியின் மண்ணை ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுப் போக்குகின்றனர். வெளி மடல்களை உரித்து, குருத்துள்ள சிறு துண்டை எடுக்கின்றனர். அதை 70 சதவீத அற்ககோலில் ஏறத்தாழ ஒரு நிமிடமும், பின் வெளிற்றும் திரவத்தின் ஐதான கரைசலில் 15 முதல் 20 நிமிடங்கள் வரையும் அமிழ்த்துகின்றனர். கிருமி நீக்கிய நீரில் மும்முறை அலசி, மருந்து பட்டு வெளிறிய ஓரங்களை வெட்டிய பின்னரே போத்தலில் இடுகின்றனர்.

இவ்வளவு கவனம் ஏன்? வளர்ப்பு ஊடகத்தில் லீற்றருக்கு ஏறத்தாழ 30 கிராம் சீனி உண்டு. அது குருத்துக்கு மட்டுமன்றிப் பங்கசுக்கும் விருந்து. மருந்து குறைந்தால் சில நாட்களில் போத்தல் பூஞ்சணம் பிடிக்கும். கூடினால் குருத்தே கபில நிறமாகி இறக்கும்.

பெரியவர் தம் கேள்வியை அங்கு பணிபுரிந்த பெண்ணிடமும் கேட்டார். “இல்லை ஐயா, வெளியிலை இருக்கிற கிருமிதான் போகும். உள்ளை இருக்கிறது போகாது. உங்கடை தோட்டத்திலை முடிக்கொத்து இருக்கோ?” என்றார் அவர். பெரியவர் சற்றுத் தயங்கி, “பக்கத்து அடியிலை ரண்டு இருக்குது பிள்ளை” என்றார். குட்டி மீண்டும் சாக்கினுள் போயிற்று.

முடிக்கொத்து நோய் 1913 இலேயே இலங்கையில் பதிவானது. அழுக்கணவன் பூச்சி பரப்பும் இதன் வைரசு, வாழையின் உரிய இழையத்தினுள் வாழ்வது. அறிகுறி தெரியுமுன்னரே அது குட்டியினுள் இருக்கலாம். அத்தகைய குட்டியொன்றைப் பெருக்கினால், பார்வைக்கு அழகான நூற்றுக்கணக்கான நோய்க்கன்றுகளே கிடைக்கும். எனவேதான் தாய் வாழையை வைரசுப் பரிசோதனை செய்து தெரிவுசெய்ய வேண்டியுள்ளது.

ஆகவே கன்று வாங்குவோர், “தாய் வாழை பரிசோதிக்கப்பட்டதா?” என்று கேட்கத் தயங்கக்கூடாது. தோட்டத்தில் இலைகள் ஒடுங்கி உச்சியில் நிமிர்ந்து கொத்தாகி, காம்பில் கரும்பச்சைக் கோடுகளும் புள்ளிகளும் தென்பட்டால், முதலில் அழுக்கணவனை அழித்து, பின் கிழங்கோடு அகற்றி அழித்துவிடுவோம். அந்த அடியின் குட்டியை அயலவருக்குக் கொடுப்பது உதவியாகாது.

திரும்பும் வழியில் பெரியவர் அதிகம் பேசவில்லை. இறங்கும்போது மட்டும், “நாளைக்கு அந்த ரண்டையும் கிண்டி எடுத்துப்போட வேணும், சுவாமி” என்றார்.