புனித பெர்பெத்துவா

விபியா பெர்பெத்துவா கி.பி. 203 மார்ச் 7 அன்று கார்த்தேஜ் நகரில் கொல்லப்பட்ட கிறித்தவ மறைசாட்சி ஆவார். இன்றைய தூனிசியாவில் உள்ள அந்நகரம் அப்போது உரோமைப் பேரரசின் ஆப்பிரிக்க மாகாணத் தலைநகராக இருந்தது. தொடக்ககால மறைசாட்சிகள் பலரைப் பற்றிக் கிடைப்பவை பிறர் பிற்காலத்தில் எழுதியவை. பெர்பெத்துவா அப்படியல்ல, சிறையில் தாமே குறிப்பு எழுதினார். கிறித்தவப் பெண் ஒருவர் எழுதிக் கிடைத்துள்ள மிகப் பழைய நூல்களுள் அதுவும் ஒன்று.

கைதும் சிறையும்

பெர்பெத்துவா செல்வக் குடும்பத்தில் பிறந்து கல்வி கற்றவர். கைதானபோது வயது ஏறத்தாழ 22. கையில் பால்குடி மறவாத ஆண் குழந்தை. அவர் மணமானவர் என்று மட்டும் நூல் கூறுகிறது. கணவர் எங்கும் தென்படவில்லை. அடிமைப் பெண்ணான பெலிசித்தா உட்பட, திருமுழுக்குக்கு ஆயத்தமாகிவந்த வேறு நால்வரும் உடன் பிடிபட்டனர். அவர்களுக்கு மறைக்கல்வி அளித்த சாத்தூருஸ் பின்னர் தாமாகவே வந்து சேர்ந்துகொண்டார்.

சிறையின் இருளும் நெரிசலும் பெர்பெத்துவாவை அச்சுறுத்தின. அதைவிடக் குழந்தையைப் பற்றிய கவலையே அவரை வாட்டியது. திருத்தொண்டர்கள் இருவர் காவலருக்குப் பணம் கொடுத்துச் சற்று நல்ல இடத்தில் சில மணி நேரம் இருக்க வழிசெய்தனர். பின்னர் குழந்தையை உடன் வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தபின், சிறையே தமக்கு அரண்மனை போல ஆனதாக அவர் எழுதுகிறார்.

தந்தை

குறிப்பில் மனத்தை மிகவும் உருக்கும் பகுதி தந்தையைப் பற்றியது. கிறித்தவரல்லாத அவர் மீண்டும் மீண்டும் வந்து, நம்பிக்கையை விட்டுவிடும்படி மகளிடம் மன்றாடினார். அங்கிருந்த ஒரு பானையைக் காட்டி, அதற்கு வேறு பெயர் சொல்ல முடியாதது போலத் தமக்கும் கிறித்தவர் என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை என்றார் மகள். விசாரணை நாளில் தந்தை பேரனைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். ஆளுநர் பொறுப்பிலிருந்த இலாரியானுஸ் அவரைக் கோலால் அடிக்க ஆணையிட்டான். அந்த அடி தம்மீதே விழுந்ததுபோல் இருந்ததாக மகள் எழுதுகிறார். அவர் தந்தையை எதிரியாகக் காட்டவே இல்லை. முதியவரின் துயரத்துக்காகவே வருந்துகிறார். ஆனாலும் மனம் மாறவில்லை. அனைவருக்கும் விலங்குகளுக்கு இரையாகும் தண்டனை கிடைத்தது.

சிறையில் கண்ட காட்சிகளையும் அவர் குறித்துள்ளார். விண்ணை எட்டும் வெண்கல ஏணி, அதன் அடியில் பாம்பு, மேலே ஆட்டிடையர் ஒருவர் என்பது முதல் காட்சி.

பெலிசித்தா

எட்டு மாதக் கருவுற்றிருந்த பெலிசித்தாவுக்கு வேறொரு கவலை. கருவுற்ற பெண்ணைக் கொல்லச் சட்டம் இடம் தரவில்லை. எனவே தோழர்களுடன் சாக இயலாமல், பின்னர் குற்றவாளிகளோடு சாக நேருமோ என அஞ்சினார். விழாவுக்குச் சில நாள் முன்னர் சிறையிலேயே பெண் குழந்தை பிறந்தது. கிறித்தவப் பெண் ஒருவர் அதை எடுத்து வளர்த்தார்.

இறப்பு

இறப்பைப் பற்றிய பகுதியை எழுதியவர் பெயர் தெரியாத தொகுப்பாளர். பேரரசர் செப்டிமியஸ் செவெரஸின் மகன் கெத்தாவின் பிறந்தநாள் விளையாட்டில், பெண்கள் இருவர்மீதும் காட்டுப் பசு ஏவப்பட்டது. முட்டித் தள்ளப்பட்ட பெர்பெத்துவா எழுந்து, கிழிந்த ஆடையைச் சரிசெய்து, கூந்தலை முடிந்துகொண்டு, பெலிசித்தாவுக்குக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். இறுதியில் அனுபவமற்ற வாள்வீரனின் நடுங்கும் கையைத் தாமே பிடித்துத் தம் கழுத்தில் வைத்தார் என்கிறது நூல்.

வட ஆப்பிரிக்கத் திருச்சபை அந்நூலைப் பெரிதும் போற்றியது. புனித அகுஸ்தீன் அவர்கள் விழாவில் மறையுரை ஆற்றியுள்ளார்; ஆயினும் அது திருமறை நூல் அன்று என்பதையும் வேறோரிடத்தில் சுட்டிக்காட்டினார். உரோமைத் திருப்பலியின் முதலாம் நற்கருணை மன்றாட்டில் இருவர் பெயரும் சொல்லப்படுகின்றன. விழா மார்ச் 7.