வரி மேகமும் உயரே ஓடும் கீழைக் காற்றும்

ஆடி மாதத்தில் மானாவாரி விவசாயிகள் அடிக்கடி வானத்தைப் பார்ப்பர். சில நாள்களில் உழவு சால் போட்டாற்போல் வரி வரியாக மேகம் தெரியும். அதை நம்பி விதைத்துவிட்டு மழை வராமற் போனால் முளை கருகி விதைச் செலவு வீணாகும். ஆகவே இவ்வரிகள் எப்படி உண்டாகின்றன என்று அறிவது நல்லது.

வாய்க்காலில் கல்

வாய்க்கால் நீர் ஒரு கல்லின் மீது ஏறி இறங்கினால் அதற்கு அப்பால் அலைகள் எழும். காற்றும் அப்படித்தான். மலையோ, இடிமேகமோ காற்றை மேலே தள்ளும்போது அது குளிர்ந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் கனமாகிறது. உடனே கீழே இறங்குகிறது. பழைய இடத்தையும் தாண்டி இறங்கிச் சூடேறி, மீண்டும் எழும்புகிறது. இதுவே வளிமண்டலப் புவியீர்ப்பு அலை. ஈரம் இருந்தால் அலையின் முகட்டில் மேகம் திரளும், பள்ளத்தில் கலையும். வரி மேகங்கள் பலவும் இவ்வாறு தோன்றுபவையே.

கீழை ஜெட் காற்று

தென்மேற்குப் பருவத்தில் தென்னிந்தியா மீது சுமார் 6 கி.மீ. உயரம் வரை மேற்கிலிருந்து காற்று வீசுகிறது. அதற்கு மேல் திசை மாறுகிறது. 14 முதல் 16 கி.மீ. உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக, பல நாள்களில் மணிக்கு 100 கி.மீ.க்கும் அதிக வேகத்தில் ஓடுகிறது. இந்தக் கீழை ஜெட் காற்றோட்டத்தை இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம் 1958-ல் விளக்கி எழுதினார். கோடையில் திபெத் பீடபூமி சூடேறி, அதன் மேலுள்ள காற்று தெற்கே உள்ளதைவிட வெப்பமாவது இதற்கு முக்கியக் காரணம்.

அலைகளுக்கு இக்காற்று ஒரு சல்லடை. மேற்குத் தொடர்ச்சி மலையில் எழும் அலை நின்ற இடத்திலேயே நிற்பது. காற்று திசை மாறும் மட்டத்தைத் தாண்டாமல் சிதைந்துவிடும். இடிமேகம் எழுப்பும் அலைகளில், ஜெட் காற்றின் திசையிலேயே அதைவிட மெதுவாகச் செல்பவை தடுக்கப்படும். எதிர்த்துச் செல்பவை மேலே போகும். திருப்பதிக்கு அருகே காதங்கியில் 1990-களில் நிறுவப்பட்ட ரேடார் மூலம் இவை ஆராயப்பட்டுள்ளன.

கவனிக்க வேண்டியவை

மழை பொய்த்த ஆண்டுகளில் கீழை ஜெட் காற்று வலுக் குறைந்திருப்பது பொதுவாகக் காணப்படுகிறது. ஆனால் அது கண்ணுக்குத் தெரிவதன்று. வரி மேகமோ, மேலே ஈரமும் அலையும் இருப்பதை மட்டுமே காட்டும். மழைக்கு உறுதி ஆகாது. விதைக்கும் முன் ஒரு சாண் ஆழத்துக்கு ஈரம் இறங்கியிருக்கிறதா என்று தோண்டிப் பார்த்து, வானிலை அறிவிப்பையும் கேட்டு முடிவு செய்வதே நலம்.