வேகம் கூடினால் போதுமா? கணக்கும் ஒத்துவர வேண்டும்!

கடையிலிருந்து கிடங்குக்கும், கிளைக்கும் இன்று கணக்குகள் கம்ப்யூட்டர் வழியே போகின்றன. வழியில் யாரும் படித்துவிடாதபடி அவற்றைச் சங்கேதமாக மாற்றும் வேலையைப் பல இடங்களில் ஆப்பரேட்டிங் சிஸ்டமே செய்கிறது. இதற்கு நேரம் பிடிக்கும். அதை விரைவுபடுத்துவோர் எப்படிச் சோதிக்கிறார்கள் என்பது வணிகர்களும் அறிய வேண்டிய செய்தி.

கனடா நாட்டின் கால்கரி நகரை மையமாகக் கொண்டு 1995-ல் தியோ டி ராட் தொடங்கியது ஓபன்பிஎஸ்டி. ஐபிசெக் என்னும் சங்கேத முறையை 1997-லேயே சேர்த்துக்கொண்ட சிஸ்டம் இது. அதன் மையப் பகுதிக்கு நெடுங்காலம் ஒரே பூட்டு. எட்டு பிராசசர் இருந்தாலும் உள்ளே ஒன்றுதான் வேலை செய்யும். எட்டு ஆட்கள் உள்ள கடையில் ஒரே தராசு இருப்பது போல! அந்தப் பூட்டைப் பகுதி பகுதியாக விலக்கும் பணி பல ஆண்டுகளாக நடந்து வருகிறது.

பூட்டை எடுத்தால் வேகம் வரும், ஆபத்தும் வரும். ஐபிசெக்கில் ஒவ்வொரு தகவல் பொட்டலத்துக்கும் பில் நம்பர் போல வரிசை எண் உண்டு. ஏற்கெனவே வந்த எண்ணோ, மிகப் பிந்திய எண்ணோ வந்தால், யாரோ நகலெடுத்து அனுப்பியதாகக் கருதி, பெறும் கம்ப்யூட்டர் தள்ளிவிடும். பல பிராசசர்கள் ஒரே நேரத்தில் அனுப்பும்போது வரிசை மிகவும் குலைந்தால், நல்ல சரக்கும் குப்பைக்குப் போகும். அதைவிட மோசம், இரண்டு பிராசசர்கள் ஒரே எண்ணை எடுத்துக்கொள்வது. சில சங்கேத முறைகளில் ஒரே சாவியோடு ஒரே எண் இருமுறை பயன்பட்டால் ரகசியமே குலைந்துவிடும்.

ஆகவே சோதனையில் முதலில் சங்கேதம் இல்லாமலும், பிறகு பழைய முறையிலும், கடைசியில் புதிய முறையிலும் அளக்க வேண்டும். பெரிய பொட்டலம் மட்டும் போதாது. சிறியவற்றையும் அனுப்ப வேண்டும். சில்லறை வியாபாரம்தானே கல்லாவை அதிகம் திணறடிக்கும்! மணிக்கணக்கில் ஓடவிட்டு, நடுவில் சங்கேதச் சாவியை மாற்றி, அனுப்பியது, வந்தது, தள்ளியது மூன்றையும் ஒத்துப் பார்க்க வேண்டும். ஓபன்பிஎஸ்டி குழுவினர் திருத்தத்தை வெளிப்படையாக வைத்து, உபயோகிப்போரின் பலவகை இயந்திரங்களிலும் சோதிக்கச் சொல்கிறார்கள்.

"புதிய சாப்ட்வேர், இரட்டிப்பு வேகம்" என்று யாராவது வந்தால் நம் வணிகர்கள் மூன்று கேள்விகள் கேட்கவும்: யாருடைய இயந்திரத்தில் அளந்தீர்கள்? எவ்வளவு நேரம்? கோளாறு வந்தால் பழைய முறைக்குத் திரும்ப வழி உண்டா? பதில் கிடைத்த பிறகு பணம் கொடுப்பதே நல்லது.