கூவாகம்: போதையும் பாலியல் நலமும்

கள்ளக்குறிச்சி மாவட்டக் கூவாகத்தில் சித்திரைத் திங்களில் நிகழும் கூத்தாண்டவர் விழா, திருநங்கையர் விழாவாகவே பெரிதும் ஆராயப்பெறுகிறது. ஆண்களை விரும்பும் ஆண்களும் அங்கு வருகின்றனர். அவருள் மணமாகி இல்லறம் நடத்துவோரும் உளர்; அன்னார் பலர் தம்மை எப்பெயராலும் சுட்டிக்கொள்வதில்லை.

போதையோடு கூடிய பாலுறவு பெருநகர வழக்கு என்பது முற்றும் பொருந்தாது. மேலைநகரங்களில் மெத்தம்பெட்டமைன் பெறும் இடத்தை இங்கு மது பெறுகிறது. மதுமயக்கத்தில் ஆணுறை தவறின் எச்.ஐ.வி., மேகநோய் முதலியன தொற்றக்கூடும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்திற்குள் தொடங்கவேண்டும். மறுநாள் தாலி அறுத்து ஊர் திரும்புவோர்க்கு அக்காலம் மிகக் குறுகியது.

இங்கே சொல்லே தடையாகிறது. களப்பணியாளர் 'கோத்தி', 'பந்தி' என வழங்குவர். ஏடுகள் 'தன்பாலீர்ப்பாளர்' என்னும். இரண்டையும் தமக்குரியதாகக் கொள்ளாதவர் மருத்துவரின் வினாவிற்கு 'இல்லை' என்றே விடையிறுப்பார். எனவே 'யார் நீர்' என்பதை விடுத்து, 'என்ன நிகழ்ந்தது' என வினவுதலே தகும்.