நமஸ்ஸும் ஊருணியும்

திருப்பத்தூரிலிருந்து சிவகங்கை செல்லும் வழியில் உள்ள திருக்கோட்டியூர், எம்பெருமானார் 18 முறை நடந்து திருக்கோட்டியூர் நம்பியிடம் திருமந்த்ரார்த்தம் பெற்ற திவ்யதேசம். அம்மந்த்ரத்தின் நடுப்பதமான 'நம:' என்பது, அதே செட்டிநாட்டு மண்ணையும் நீரையும் நாம் பேணவேண்டிய முறையை உணர்த்துமோ என்பதே இங்கு விசாரம்.

அப்பதத்தை 'ந', 'ம:' எனப் பிரித்து, 'எனக்கு உரியதன்று' எனப் பொருள் கொள்வது நம் ஆசார்யர்களின் நிர்வாஹம். பிள்ளை லோகாசார்யரின் முமுக்ஷுப்படியில் இதன் விரிவைக் காணலாம். நானே எனக்கு உரியவனல்லேன் எனில், என் பெயரில் பட்டா உள்ள நிலம் மாத்திரம் எனக்கு உரியதாவது எங்ஙனே?

இங்கே ஒரு சங்கை எழும். 'எனதன்று' என்ற எண்ணமே நிலத்தைக் கைவிடச் செய்யாதோ? இது வெறும் தர்க்கமன்று. இச்சீமையின் ஊருணிக் கரைகளில் கண்ணால் காணத்தக்கது. கண்மாய் வயலுக்கு; ஊருணி ஊரார் உண்ணும் நீருக்கு. மழைநீர் பரந்த மேட்டுநிலத்திலிருந்து வரத்துக்கால் வழியே வந்து சேரும்படி, செம்புறாங்கல் படிகளுடன் முன்னோர் அவற்றை அமைத்தனர். வீட்டிலும் ஓட்டுக்கூரை நீரை உள்முற்றத்தில் இறக்கிப் பாத்திரங்களில் பிடித்தனர். ஆற்றுப்பாசனம் அரிதான வானம் பார்த்த பூமியில் இந்த எச்சரிக்கை இயல்பே. இன்றோ பல வரத்துக்கால்கள் தூர்ந்துள்ளன, சீமைக்கருவேலம் மண்டியிருக்கிறது. 'பொது' என்ற சொல் 'எவருடையதும் அன்று' எனத் திரிந்ததன் பலன் இது.

சமாதானம் மந்த்ரத்திலேயே உள்ளது. 'நம:' தனித்து நிற்பதன்று. முன்னுள்ள ப்ரணவம், ஆத்மா எம்பெருமானுக்கே சேஷம் என்கிறது; பின்னுள்ள 'நாராயணாய' கைங்கர்யத்தை வேண்டுகிறது. எனதன்று, ஆனால் அவனது. ஸ்வாமியின் உடைமையைச் சேஷபூதன் தன் உடைமையினும் கருத்தாகக் காப்பான். கைவிடுதல் மமகாரத்தை விட்டதாகாது. சோம்பலுக்கு வேதாந்தம் பூசியதாகும்.

அமெரிக்கரான ஆல்டோ லியோபோல்டு, தாம் மறைந்த மறு ஆண்டு, 1949இல் வெளிவந்த நூலில், நிலத்தை உடைமையாக அன்றி, மனிதனும் ஓர் உறுப்பாகும் சமூகமாகக் காணவேண்டும் என்றார். நம் ஸித்தாந்தம் இன்னும் ஒரு படி செல்கிறது: அசித்தும் எம்பெருமானுக்குச் சரீரம், பூமியோ அவனுக்குப் பிராட்டி. காலையில் தரையில் அடிவைக்குமுன் அவளிடம் பொறுத்தருள வேண்டுகிறோம். அன்று மாலையே வரத்துக்காலில் குப்பையைக் கொட்டினால் அந்த வேண்டுதல் யாரை நோக்கியது?

பெற்ற மந்த்ரார்த்தத்தையும் எம்பெருமானார் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. ஆசையுடையோர்க்கெல்லாம் அதை வெளியிட்டார் என்பது ஸம்ப்ரதாய ப்ரஸித்தம். 'எனதன்று' என்பதை அவர் அனுஷ்டித்த முறை, விட்டு ஒதுங்குதலன்று. பலர்க்கும் பயன்படச் செய்தல்.

மாசித் தெப்பத்தன்று திருக்கோட்டியூர்க் குளக்கரையில் ஆயிரக்கணக்கானோர் விளக்கேற்றி வேண்டிக்கொள்கின்றனர். தெப்பம் மிதக்க நீர் வேண்டும். விளக்கேற்றுபவர் தம் ஊர் ஊருணிக்கு நீர் எவ்வழி வருகிறது, எங்கே தடைபடுகிறது என்று ஒருமுறை நடந்து பார்ப்பாராக. ஐப்பசியில் பருவமழை தொடங்கிவிடும். மண்வெட்டி எடுக்க ஆவணி, புரட்டாசியே காலம்.